மண்ணில் இருந்தது, மரத்துக்குப் போகவில்லை

இலை மஞ்சளானால் உரம் போடு. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நடந்த விவசாயம் இவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவில், நட்டாலின் ஸ்டாங்கர் ஊரிலிருந்து உள்ளே தள்ளி, சரிவில் இருக்கிற நிலம். தாத்தா காலத்திலிருந்து கரும்பு. கரும்பு எதையும் பொறுத்துக்கொள்ளும் பயிர், அதனால் நாங்கள் செய்த தப்பு எதுவும் வெளியே தெரியவில்லை. 2017இல் அதில் இரண்டு ஹெக்டேரை எடுத்து அவகாடோ வைத்தேன். ஹாஸ் ரகம், டூசா என்ற வேர்ச்செடியில் (வேருக்காக அடியில் வைக்கிற செடி) ஒட்டியது, வரிசைக்கு வரிசை 7 மீட்டர், மரத்துக்கு மரம் 4 மீட்டர், மொத்தம் 710 கன்று. கன்று ஒன்று 110 ராண்ட் ஆயிற்று. அதில் 160 மரம் இன்று இல்லை. உரத்துக்கும் தெளிப்புக்கும் வீணாகப் போனது 46,000 ராண்ட். எல்லாவற்றையும்விட வலிப்பது, நாலாம் வருஷம் வந்திருக்க வேண்டிய விளைச்சல் ஏழாம் வருஷம்தான் வந்தது. நட்டாலில் நம் ஆட்கள் பலர் இப்போது கரும்பை எடுத்துவிட்டு அவகாடோ, மக்கடேமியா, லிச்சி என்று போகிறார்கள். நான் செலவு செய்து தெரிந்துகொண்டதை அவர்கள் ஒரு கடப்பாரையோடு தெரிந்துகொள்ளலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

2019 கோடையில் கீழ்ப்பாதி மரங்கள் வெளிற ஆரம்பித்தன. மேட்டில் இருந்தவை கரும்பச்சையாக நின்றன. நடுவில் இருந்தவை வளரவும் இல்லை, சாகவும் இல்லை. பள்ளத்தில் இருந்தவற்றில் கொழுந்து சிறுத்து, வெளிறி, கிளை நுனி மொட்டையாகத் தெரிந்தது. ஒரே வயல், ஒரே கன்று, ஒரே உரம், மூன்று விதமான மரம். அந்தக் காட்சியே பதில் சொல்லிவிட்டது, எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. உரம் விற்க வந்தவர் பக்கியிலிருந்து (சின்னச் சரக்கு வண்டி) இறங்காமலே பார்த்துவிட்டு, "நைட்ரஜன் பத்தவில்லை, சிங்க், அதாவது துத்தநாகம், பத்தவில்லை" என்று ஒரு அட்டவணை எழுதிக் கொடுத்தார். போட்டேன். பக்கத்துப் பண்ணையிலிருந்து கோழி எருவும் வாங்கிக் கொட்டினேன். பொட்டாஷ் மலிவாகக் கிடைத்தது என்று குளோரைடு வகையை வாங்கினேன். அவகாடோவுக்குக் குளோரைடு ஆகாது, இலை நுனி கருகும், சல்பேட் வகைதான் வாங்க வேண்டும் என்பது நுனி கருகின பிறகுதான் தெரிந்தது. இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. ஒவ்வொரு மாதமும் மரத்தடியில் நின்று, இன்னும் கொஞ்சம் போட்டால் எழுந்துவிடும் என்று நினைத்த அந்த நப்பாசைதான் எனக்கு ஆன பெரிய செலவு.

மஞ்சள் என்றால் எந்த இலை மஞ்சள் என்று முதலில் பாருங்கள். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் இந்த நான்கும் மரத்துக்குள் நகரும். பற்றாக்குறை வந்தால் மரம் முதிர்ந்த இலையிலிருந்து பிடுங்கிக் கொழுந்துக்குக் கொடுக்கும், அதனால் குறி முதலில் அடி இலையில் தெரியும். மெக்னீசியம் குறைந்தால் முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாக இருக்க, நடுவில் மஞ்சளாகும். இரும்பு, துத்தநாகம், போரான், கால்சியம் ஆகியவை அப்படி எளிதில் நகராதவை. இவற்றின் குறி கொழுந்தில் வரும். கொழுந்து முழுக்க வெளிறி நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்பு. இலை சிறுத்து, கணுக்கள் நெருங்கி, நுனியில் கொத்தாக நின்றால் துத்தநாகம். என் பள்ளத்து மரங்களில் இவை எல்லாமே ஒன்றாக இருந்தன. ஒரு மரத்தில் நாலு பற்றாக்குறை ஒரே சமயத்தில் தெரிந்தால் உர மூட்டையிடம் போகாதீர்கள், வேரிடம் போங்கள். மண்ணில் நாலும் ஒன்றாகத் தீர்ந்துபோவது அபூர்வம். எடுக்கிற வாய் கெட்டிருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம்.

2021 மார்ச்சில் இலைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். அதையும் கெடுத்தேன். துத்தநாகம் தெளித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை; இலைமேல் ஒட்டியிருந்த துத்தநாகத்தையும் சேர்த்து அளந்து, "போதுமானது" என்று தாள் வந்தது. அவகாடோ இலை தெளித்த துத்தநாகத்தை உள்ளே சரியாக இழுக்காது, இழுத்ததையும் அடுத்த துளிருக்கு அனுப்பாது. ஆகவே தாளில் ஏறிய எண்ணுக்கும் மரத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதோடு நல்ல மரம், நோஞ்சான் மரம் எல்லாவற்றிலிருந்தும் பறித்து ஒரே பையில் போட்டிருந்தேன். அந்த சராசரி எந்த மரத்தின் கதையும் அல்ல.

சரியான முறை இது. நம் பக்கம் அவகாடோவுக்கு இலை எடுக்கும் காலம் மார்ச் முதல் மே வரை. வசந்தத் துளிரில் வந்து, ஐந்து முதல் ஏழு மாதம் ஆன, முழுதாக முற்றிய இலை வேண்டும். காய் இல்லாத, புதுத் துளிர் விடாத கிளையிலிருந்து, தோள் உயரத்தில், மரத்தின் நாலு பக்கத்திலும் ஒன்றாக நாலு இலை. இப்படி ஒரே மாதிரியான மண்ணில் நிற்கும் 20 மரங்களில் எடுத்தால் 80 இலை. அது ஒரு சாம்பிள். மரங்களை ரிப்பன் கட்டியோ பெயின்ட் அடித்தோ வைத்து, அடுத்த வருஷமும் அதே மரங்களில் எடுங்கள், அப்போதுதான் எண்ணை எண்ணோடு ஒப்பிட முடியும். காகிதப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக்கில் வியர்த்து அழுகும். காலையில் பறித்து, வெயிலில் வைக்காமல், அன்றோ மறுநாளோ லேபில் சேர்த்துவிடுங்கள். வீட்டில் கழுவாதீர்கள். செம்பு, துத்தநாகம், உரத் தெளிப்பு எது அடித்திருந்தாலும் தேதியைச் சீட்டில் எழுதுங்கள். முடிந்தால் இலை எடுத்த பிறகு தெளியுங்கள். நோயான மரங்களை அறிய வேண்டுமானால் அவற்றைத் தனி சாம்பிளாக அனுப்பி, நல்ல மரத்து சாம்பிளை ஜோடியாக வைத்துப் பாருங்கள். அந்த ஜோடிதான் அதிகம் பேசும். இது அவகாடோவுக்கு மட்டும். ஆரஞ்சுக்கும் லிச்சிக்கும் எந்த இலை, எந்த மாதம் என்பது வேறு. ஒரு பயிரின் முறையில் இன்னொன்றை எடுத்தால் தாளில் வரும் தரநிலைக்கு அர்த்தம் இல்லாமல் போகும்.

மறு வருஷம் அப்படி எடுத்தபோது பள்ளத்து சாம்பிளில் நைட்ரஜன் 1.7 சதவீதம், பொட்டாசியம் 0.6, மெக்னீசியம் 0.24, துத்தநாகம் கிலோவுக்கு 14 மில்லிகிராம். ஹாஸுக்கு இங்கே பொதுவாக எதிர்பார்ப்பது நைட்ரஜன் 2.2 பக்கம், பொட்டாசியம் 0.75க்கு மேல், மெக்னீசியம் 0.4க்கு மேல், துத்தநாகம் 25க்கு மேல். எல்லாமே குறைவு. ஒன்று மட்டும் தலைகீழ்: மாங்கனீசு 640. அது 250க்குள் இருக்க வேண்டியது. எல்லாம் பட்டினி, ஒன்று மட்டும் அஜீரணம். மண் புளித்தாலும், தண்ணீர் தேங்கிக் காற்று இல்லாமல் போனாலும், மாங்கனீசு கரைந்து வேருக்குத் தாராளமாகக் கிடைக்கும். அந்த ஒரு எண்ணே "குழி வெட்டிப் பார்" என்று சொன்னது. நான் கண்ணை ஓட்டியது குறைவுகளில் மட்டும்தான், மிகுதி என்ற வரியைப் படிக்கவே இல்லை. உங்கள் தாளில் குறைந்தது எது என்பதைப் போலவே எது கூடியிருக்கிறது என்றும் பாருங்கள்.

இலைத் தாளில் இன்னொரு மாயமும் உண்டு. என் நடுப்பகுதி மரங்களில் மெக்னீசியமும் மாங்கனீசும் போக, மற்ற எண்கள் ஏறக்குறைய சரியாக இருந்தன. மகிழ்ந்துபோனேன். ஆனால் அவை மேட்டு மரங்களில் பாதி உயரம்தான். வளர்ச்சி நின்றுவிட்ட மரத்தில், கொஞ்சம் சத்து கொஞ்சம் இலைக்குள்ளேயே தங்கி, சதவீதம் நன்றாகத் தெரியும். நன்றாக வளர்கிற மரத்தில் அதே சத்து நிறைய இலைக்குப் பரவி, எண் கொஞ்சம் இறங்கியே தெரியலாம். எனவே எண்ணோடு அந்த வருஷத்துத் துளிர் எத்தனை சென்டிமீட்டர் நீண்டது, அடிமரம் எவ்வளவு பருத்தது என்று ஒரு டேப் வைத்து அளந்து பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

2022 ஏப்ரல் மழை நட்டாலில் இருக்கிற யாருக்கும் நினைவிருக்கும். ஊரில் மனிதர் போன துக்கத்துக்கு முன்னால் மரம் ஒரு கணக்கா என்று அப்போது வாயைத் திறக்கவில்லை. பள்ளத்தில் ஒன்பது நாள் தண்ணீர் நின்றது. அவகாடோ வேர் இரண்டு மூன்று நாள் தேங்கினாலே மூச்சுத் திணறும். அந்த வருஷம் முடிவதற்குள் 160 மரம் காய்ந்தது. ஜூலையில், எங்கள் நிலத்தில் முப்பது வருஷமாக வேலை செய்கிற பாபாவைக் கூப்பிட்டு, காய்ந்த மரம் ஒன்றின் பக்கத்தில் குழி வெட்டச் சொன்னேன். குளிர்காலம், மழை இல்லாமல் வாரக்கணக்கு. அறுபது சென்டிமீட்டரில் மண்வெட்டியை நிறுத்தி, "அமான்சி" என்றார். ஜூலு மொழியில் தண்ணீர். சாம்பல் நிறக் களிமண்ணின் தலையில் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. அழுகிய முட்டை நாற்றம் வேறு. கரும்புக் காலத்தில் அந்த மூலையில் டிராக்டர் சிக்கும் என்று அவருக்குத் தெரியும். என்னிடம் யாரும் கேட்கவில்லையே என்றார். நானும்தான் கேட்கவில்லை. நடுவதற்கு முன்னால் நிலத்தில் வேலை செய்தவர்களிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: வண்டி எங்கே சிக்கும், மழை விட்டு எங்கே கடைசியாகக் காயும்.

அன்றே மூன்று இடத்தில் வெட்டினோம். மேட்டில் ஒரு மீட்டர் ஆழம் வரை ஒரே சிவப்பு, பொலபொலப்பு, சல்லி வேர் தாராளம். நடுவில் முதல் 30 சென்டிமீட்டர் நல்ல மண். அதற்குக் கீழே 15 சென்டிமீட்டர் தடிமனுக்கு இறுகிய தட்டு, கத்தி இறங்கவில்லை. கீழே போன வேர் அந்தத் தட்டைத் தொட்டதும் எல் எழுத்துப் போல வளைந்து கிடைமட்டமாக ஓடியிருந்தது. நாற்பது வருஷம் ஒரே ஆழத்தில் உழுததும் கரும்பு டிரெய்லர் ஈரத்தில் ஓடியதும் கட்டிய தளம் அது. பள்ளத்தில் வெளிறின மணல்கலந்த மேல்மண், 45 சென்டிமீட்டரில் ஆரஞ்சுப் புள்ளிகள், 60இல் சாம்பல் களி. சரிவில் இருக்கும் நிலங்களில் மேலே சிவப்பு, நடுவில் மஞ்சள், கீழே சாம்பல் என்று இந்த வரிசை இந்தப் பகுதியில் சாதாரணம். தண்ணீர் எவ்வளவு நாள் நிற்கிறது என்பதை மண் நிறத்தில் எழுதி வைத்திருக்கிறது. மூன்று நோய்க்கு ஒரே மருந்து கொடுத்த கதை எனக்கு அந்தக் குழிக்குள் நின்றபோது புரிந்தது. ஒரு நாள் கூலியில் முடிகிற வேலையை ஐந்து வருஷம் தள்ளிப் போட்டிருந்தேன்.

குழி வெட்டுவதில் சில நுணுக்கம். ஆள் இறங்கி நிற்கிற அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். மரம் இருந்தால் அதன் கிளைக் குடையின் ஓரத்தில், அடிமரத்திலிருந்து தள்ளி. ஹெக்டேருக்கு இத்தனை என்று எண்ணுவதைவிட நிறமும் சரிவும் மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒன்று. வெயில் படுகிற சுவரை மண்வெட்டியால் வழவழவென்று செதுக்காதீர்கள், செதுக்கினால் எல்லாமே இறுகினதுபோல் தெரியும். கத்தி முனையால் கிள்ளிக் கிள்ளி உடைத்து இயற்கை முகத்தை வெளியே கொண்டுவாருங்கள். பத்து பத்து சென்டிமீட்டருக்குக் கத்தியைக் குத்தி, எங்கே தடை என்று குறியுங்கள். வேர் எந்த ஆழத்தில் நிற்கிறது, எங்கே வளைகிறது, எங்கே கறுக்கிறது என்று டேப்போடு போட்டோ எடுங்கள். குழி வெட்ட முடியாத இடங்களில் 8 மில்லிமீட்டர் கம்பி ஒன்றைக் கையால் அழுத்திப் பார்க்கலாம், ஆனால் மழை பெய்து ஓரிரு நாள் கழித்து. காய்ந்த மண்ணில் எல்லா இடமும் கல்லாகத்தான் இருக்கும். வடிகால் பார்க்க, 30 சென்டிமீட்டர் ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி, இரண்டாம் முறை எவ்வளவு இறங்குகிறது என்று கடிகாரம் வையுங்கள். மணிக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டர்கூட இறங்கவில்லையென்றால் அவகாடோ அங்கே வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் மண் சாம்பிள். கரும்புக் காலத்துப் பழக்கத்தில் நான் மேல் 20 சென்டிமீட்டர் மண்ணை மட்டும் எடுத்து அனுப்பி, "நன்று" என்று வாங்கி வைத்திருந்தேன். மரத்துக்கு 0 முதல் 30, 30 முதல் 60 என்று இரண்டு ஆழத்தையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு மண் வகைக்கும் 15 முதல் 20 இடத்தில் ஆகர் (மண்ணைத் துளைத்து எடுக்கும் கருவி) போட்டு, மரக் குடைக்கு உள்ளே, தண்ணீர் படுகிற வட்டத்தில் எடுங்கள். மேலே கிடக்கும் மூடாக்கை (மண்ணை மூடிய சருகு) ஒதுக்கிவிட்டு ஆகரை இறக்குங்கள். உரம் போட்டு இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் கலக்குங்கள். துத்தநாகம் பூசிய தகர வாளியில் கலக்கினால் துத்தநாக எண் பொய் சொல்லும். கலந்ததில் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை நிழலில் உலர்த்தி அனுப்பினால் போதும். சீடாராவில் மாகாண விவசாயத் துறையின் லேப் இருக்கிறது, கரும்புக்காரர்களுக்கு மவுன்ட் எட்ஜ்கோம்ப் ஆராய்ச்சி நிலையம் பழக்கம், தனியார் லேபும் உண்டு. எங்கே அனுப்பினாலும் வருஷா வருஷம் அதே இடத்துக்கு அனுப்புங்கள். பாஸ்பரஸை ஒரு லேப் பிரே முறையில் அளக்கும், இன்னொன்று ஆம்பிக் முறையில். அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

தாளில் நான் இடறிய முதல் இடம் பிஎச், மண்ணின் புளிப்பைக் காட்டும் எண்; எண் இறங்கினால் புளிப்பு கூடுதல். இந்த நாட்டு லேப்கள் பல பொட்டாசியம் குளோரைடு கரைசலில் அளக்கின்றன. தண்ணீரில் அளப்பதைவிட அது அரை முதல் ஒரு புள்ளி குறைவாகவே வரும், சில மண்ணில் இன்னும் குறையும். வெளிநாட்டுக் குறிப்புகள் "அவகாடோவுக்கு 6 பக்கம்" என்பது தண்ணீர் பிஎச். எது எந்தக் கரைசல் என்று பார்க்காமல் பயப்படவும் வேண்டாம், நிம்மதியாகவும் வேண்டாம். பிஎச்சைவிடப் பயனுள்ளது அமிலச் செறிவு. கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், மாற்றக்கூடிய அமிலம் நான்கையும் சென்டிமோல் என்ற அலகில் கூட்டி, அமிலத்தை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். தாளில் மில்லிகிராமில் இருந்தால் கால்சியத்தை 200ஆல், மெக்னீசியத்தை 122ஆல், பொட்டாசியத்தை 391ஆல் வகுத்தால் சென்டிமோல் கிடைக்கும். என் நடுப்பகுதி மேல்மண்ணில் கால்சியம் 3.2, மெக்னீசியம் 0.9, பொட்டாசியம் 0.4, அமிலம் 0.2, கூட்டினால் 4.7, அமிலச் செறிவு 4 சதவீதம். அருமை. அதே இடத்தில் 30 சென்டிமீட்டருக்குக் கீழே கால்சியம் 0.8, மெக்னீசியம் 0.4, பொட்டாசியம் 0.1, அமிலம் 1.9, கூட்டினால் 3.2, அமிலச் செறிவு 59 சதவீதம். மேலே சோறு, கீழே விஷம். அந்த அமிலத்தில் பெரும்பங்கு அலுமினியம். கரைந்த அலுமினியம் வேர் நுனியைத் தடித்துக் குட்டையாக்கும், கிளை வேர் விடாது. வேர் குட்டையானால் பாஸ்பரஸும் கால்சியமும் மண்ணில் இருந்தும் எட்டாது. தலைமுறை தலைமுறையாகப் போட்ட யூரியாவும் அம்மோனியம் உரங்களும் மண்ணைப் புளிக்க வைத்தன. சுண்ணாம்பு போட்டபோதும் மேலே மட்டும் போட்டோம். கரும்பு அலுமினியத்தை நன்றாகவே தாங்கும், அதனால் யாருக்கும் உறைக்கவில்லை.

கோழி எருவும் பொட்டாஷும் செய்த கெடுதலும் இங்கேதான் தெரிந்தது. பொட்டாசியம் மிகுந்தால் வேர் மெக்னீசியத்தையும் கால்சியத்தையும் எடுப்பது குறையும். மூன்றும் ஒரே வாசலில் நெருக்கியடிக்கிற கூட்டம். பாஸ்பரஸ் குவிந்தால் துத்தநாகம் சிக்கும். மஞ்சளைப் பார்த்து நான் போட்ட பொட்டாஷ் மெக்னீசியக் குறையை வளர்த்தது.

வேரைப் பார்க்கத் தனியாக ஒரு வேலையும் இல்லை. மூடாக்கை விலக்கி, 10 அல்லது 15 சென்டிமீட்டருக்குள் கையால் கிளறினால் சல்லி வேர் கிடைக்கும். வெள்ளையாக, தந்த நிறமாக இருக்கிறதா? நலம். கறுத்து, சொடுக்கென்று முறிந்து, தேடினாலும் கைக்கு அகப்படாமல் இருந்தால் ஃபைட்டோஃப்தோரா வேரழுகல் என்று சந்தேகியுங்கள். வேர்ச்செடி தாங்கும் ரகம் என்று நர்சரி சொன்னதில் பொய் இல்லை. தாங்கும் ரகமும் தேங்கிய தண்ணீரில் தாங்காது. இந்த அழுகலுக்கான மருந்து பாஸ்போனேட். அதை அடிமரத்தில் ஊசியாக ஏற்றுவது 1980களில் இந்த நாட்டு அவகாடோ தோட்டங்களில் பழகிய முறை. வசந்தத் துளிர் முற்றி நின்ற பிறகு ஏற்றினால் மருந்து வேருக்கு இறங்கும். துளிர் ஓடும்போது ஏற்றினால் கொழுந்து அதை மேலே இழுத்துக்கொள்ளும். அளவு லேபிளில் இருக்கிறபடி, மரத்தின் பருமனைப் பொறுத்து. வடிகால் சரிசெய்யாமல் ஊசி மட்டும் போட்டால் வருஷா வருஷம் ஊசி வாங்கிக்கொண்டே இருப்பீர்கள்.

சரிசெய்யும் வரிசை முக்கியம்: தண்ணீர், பிறகு இறுக்கம், பிறகு அமிலம், கடைசியில் உரம். நடுப்பகுதிக்கும் பள்ளத்துக்கும் நடுவே சரிவுக்குக் குறுக்காக ஒரு வடிகால் வெட்டினோம், ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம், 100 மீட்டருக்கு அரை மீட்டர் சரிவு. துளைக் குழாய், சுற்றிலும் ஜல்லி, மேலே துணி. வடிகாலின் அடி களிமண்ணுக்குள் ஒரு சாண் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் குழாய்க்கு அடியில் நழுவிப் போய்விடும். முதல் 20 மீட்டரை அப்படித்தான் கோட்டைவிட்டு மறுபடி தோண்டினேன். இறுகிய தட்டை உடைக்க, ஆகஸ்ட் மாதம் மண் காய்ந்திருக்கும்போது ஒற்றைக் கொழு ரிப்பரை (மண்ணை ஆழமாகக் கீறும் கருவி) வரிசை நடுவே ஓட்டினோம். ஈரத்தில் ஓட்டினால் தட்டு நொறுங்காது, வெண்ணெயில் கத்தி போட்ட மாதிரி கோடு மட்டும் விழும். ஒரு வருஷத்தில் மரத்தின் ஒரு பக்கம் மட்டும்; இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் அறுத்தால் மரம் தாங்காது. நடுவதற்கு முன்னால் என்றால் குறுக்கும் நெடுக்குமாக 80 சென்டிமீட்டர் ஆழத்துக்கு உழுது, சுண்ணாம்பையும் கலந்து, அரை மீட்டருக்கு மேல் உயரமாகப் பாரும் போட்டிருக்கலாம். அந்த வாய்ப்பு ஒரு முறைதான் வரும்.

நின்ற மரத்தடியில் சுண்ணாம்பை உழுது கலக்க முடியாது, சல்லி வேர் எல்லாம் மேலேயே இருக்கிறது. மேலே தூவின சுண்ணாம்பு வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் இறங்கும். ஆகவே மெக்னீசியமும் குறைவாக இருந்ததால் டோலமைட் சுண்ணாம்பை மேலே தூவினோம், அடிமண்ணுக்கு ஜிப்சம். ஜிப்சம் பிஎச்சை ஏற்றாது, ஆனால் கரைந்து கீழே இறங்கி, கால்சியத்தைக் கொடுத்து, அலுமினியத்தின் கொடுமையைக் குறைக்கும். ஹெக்டேருக்கு 4 டன் என்று லேப் சொன்னால் சதுர மீட்டருக்கு 400 கிராம். குடைக்கு அடியில் 10 சதுர மீட்டர் என்றால் மரத்துக்கு 4 கிலோ. இந்தக் கணக்கைப் போடாமல் ஹெக்டேர் அளவு முழுவதையும் மரங்களுக்கு மட்டும் பங்கு போட்டால் 28 சதுர மீட்டருக்கு உரியதை 10க்குள் கொட்டிவிடுவீர்கள், மரத்துக்கு 11 கிலோ விழும். ஜிப்சத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிராம் என்று இரண்டு தவணையாகக் கொடுத்தோம். அதிகம் போட்டால் மெக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு கீழே போய்விடும். சுண்ணாம்பு வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள், 0.25 மில்லிமீட்டர் சல்லடையில் எவ்வளவு இறங்குகிறது என்று கேளுங்கள். பரும்பொடி மலிவு, ஆனால் பல வருஷம் கல்லாகவே கிடக்கும். மூடாக்குக்குக் கரும்புச் சோகை எங்களிடம் மலைபோல் இருந்தது. 10 முதல் 15 சென்டிமீட்டர் தடிமன், அடிமரத்தை ஒரு சாண் விட்டு. சோகையும் சக்கையும் மக்கும்போது மண்ணின் நைட்ரஜனைக் கொஞ்சம் பிடித்து வைக்கும், அதனால் முதல் வருஷம் நைட்ரஜனைச் சிறு சிறு தவணையாகச் சற்றுக் கூட்டினோம்.

2024 மார்ச்சில் நடுப்பகுதி இலையில் மெக்னீசியம் 0.41 ஆயிற்று, 2025இல் மாங்கனீசு 300க்குக் கீழே வந்தது, துளிர் இரண்டு மடங்கு நீண்டது. அந்தப் பாதியில் உரச் செலவு முன்னைவிடக் குறைவு. பள்ளத்தை விட்டுவிட்டேன். இறந்த மரங்களைப் பிடுங்கிவிட்டு மறுநடவு செய்யச் சொன்னவர்கள் உண்டு. களிமண்ணோடு சண்டை போட எனக்குப் பணம் இல்லை. அங்கே இப்போது மடும்பி போட்டிருக்கிறோம், நம் சேப்பங்கிழங்குதான். ஈரம் அதற்குத் தித்திப்பு. பாபாதான் யோசனை சொன்னார். இந்த முறை கேட்டேன்.

மேட்டை ஒட்டின மூன்றாம் வரிசையில் 14 மரம் மட்டும் இன்னும் வெளிறிக் கிடக்கிறது. வடிகாலுக்கு மேலே இருக்கிறது, தட்டும் உடைத்தாயிற்று. பழைய கரும்பு வண்டிப் பாதை அந்த வழியாகப் போனதாக சித்தப்பா சொல்கிறார். ஜூலையில் அங்கே ஒரு குழி வெட்ட வேண்டும். பாபாவுக்கு முட்டி வலி, மேலே உட்கார்ந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். கடப்பாரை இனி என் கையில்.